அரைஞாணோடு போன லாக்கர் சாவி

லாக்கர் பொறுப்பு என்றால் சாவியை ஒரு திருகு திருகிவிட்டு வெளியே வந்து நிற்கிற வேலை என்றுதான் என் வீட்டுக்காரர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார். வங்கியில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவதிப்பட்ட உங்களுக்குத் தெரியும், லாக்கர்காரர் உயிரோடு இருக்கும்வரைதான் அந்தச் சுகமெல்லாம். திண்டுக்கல் கிளையில் ஒரே ஒரு லாக்கரால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

சாவி இருக்கும் இடம்

குஜிலியம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர் இறந்துபோனார். மனைவி அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். நாமினி யாரையும் எழுதி வைக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மகன் முருகேசன் வந்து நின்றார். வாரிசுச் சான்றிதழ் வேண்டும், இன்னொரு வாரிசான தங்கச்சியும் கூட வர வேண்டும், சாவியும் வேண்டும் என்றேன்.

சாவி என்றதும் மனிதர் தலையைச் சொறிந்தார். அப்பா அதை அரைஞாண் கயிற்றில் முடிந்திருப்பாராம், குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டாராம். அழுகையிலும் அவசரத்திலும் யாருக்கும் நினைவு வராமல் அப்படியே புதைத்துவிட்டார்கள். அப்படியானால் மெக்கானிக்கை வைத்து உடைக்கத்தான் வேண்டும் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, விளையாட்டில்லாமல்தான் கேட்டார்: "வேணும்னா தோண்டிப் பாத்துரட்டுமா மேடம்?"

நான் சொன்ன உண்மை

சான்றிதழ் வந்ததும் இருவரும் வந்தார்கள். எரியோட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி பாண்டியம்மா ஒரு மூலையில், அண்ணன் இன்னொரு மூலையில். அம்மாவின் காசுமாலையைக் காணோம், இவள்தான் எடுத்துவிட்டாள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அது அப்பாவின் லாக்கரில் இருக்கிறது என்பது அவள் பேச்சு. அதை நம்ப ஆளில்லை.

"அய்யா கடைசியா வந்தப்ப யாரு மேடம் கூட வந்தது?" என்று முருகேசன் என்னைக் கேட்டார். பதிவேட்டில் அவர் அப்பாவின் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. ஆனால் அன்று பாண்டியம்மா வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை, சொல்லிவிட்டேன். அவள் உள்ளே வரவே இல்லை என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று அவர் போட்ட கூச்சலில் கவுண்டர் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பாண்டியம்மாதான் என்னைத் தேற்றினாள்: "நடந்ததத்தான சொன்னீங்க, நீங்க ஏன் மேடம் மொகம் வாடுறீங்க?"

மெக்கானிக் வந்த நாள்

இரண்டு சாட்சிகள், மேனேஜர், நான். டிரில் ஓடிய சத்தத்தில் பல் கூசியது. பாண்டியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்ல மேனேஜர் எழுதினார். நிலப் பத்திரம் ஒன்று. குழந்தை இடுப்பில் கட்டுகிற வெள்ளி அரைமூடி ஒன்று. சிவப்பு நகைப்பெட்டி ஒன்று. அதைத் திறந்தேன். காலி.

முருகேசன் தங்கச்சியை ஒரு பார்வை பார்த்தார். அடியில் ஒரு பழைய சுங்குடிச் சேலை மட்டும் மிச்சம். "அம்மா சீலை" என்றாள் மெதுவாக. அதை உதறிவிடாமல் மடிப்பு மடிப்பாகப் பிரித்தேன். முந்தானையில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால் காசுமாலை முழுசாக இருந்தது.

முருகேசன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீயே வச்சுக்க ஆத்தா" என்று மாலையை அவளிடம் நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை. "எனக்கு எதுக்குண்ணே? நீயே கொண்டு போ. என்னையத் திருடின்னு யார் யார்கிட்ட சொன்னியோ, அம்புட்டுப் பேரு வீட்டுக்கும் போயி இதக் காட்டிட்டு வா."

படிவத்தின் கடைசியில் 'சேதம் ஏதேனும் உண்டா' என்றிருந்த கட்டத்தில், விதிப்படி, 'லாக்கர் பூட்டு மட்டும்' என்று எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டேன்.