மஞ்சள் சொண்டு

மழை அரித்து அரித்துக் கத்தி விளிம்பாக்கிய வெள்ளைப் பாறைகள். மரம் இல்லை, தண்ணீர் இல்லை. கல் பாலைவனம் என்று சொல்லி வகுப்பில் படம் காட்டினார்கள். சுவிஸில் நாங்கள் இருந்த லுசேர்ணிலிருந்து அந்த மலை அதிக தூரமும் இல்லை. அன்றிலிருந்து நான் நச்சரித்த நச்சரிப்பில், கோடை விடுமுறையில் ஒருநாள் மாமா என்னையும் அம்மாவையும் அங்கே கூட்டிப்போனார். எட்டு வயதில் அதை என் வெற்றி என்றே நினைத்தேன்.

அன்று ஆடி அமாவாசை. தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து, காகத்துக்குச் சோறு வைத்த பிறகு சாப்பிடும் நாள். எனக்கு அது தெரியாது. வெறும் வயிற்றோடு ஏறினால் மூச்சு இளைக்காது என்று மாமா சொன்னதை நம்பிவிட்டேன்.

எனக்கு மூன்று வயதாக இருந்தபோது, சுகமில்லாத தன் தாயைப் பார்க்க வன்னிக்குப் போனவர் அப்பா. 2009இல் போர் முடிந்தது. அப்பாவைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. அம்மா தினமும் குங்குமம் வைத்துக்கொண்டே வேலைக்குப் போவார். தங்கை இப்படிக் காத்திருந்தே கரைந்துபோவாள் என்று மாமாவுக்குப் பயம். கோயிலில் செய்தால் ஊர் கதைக்கும் என்றுதான் இந்த மலை. காகம் சோற்றை எடுத்தால் குங்குமத்தை அழித்துவிடுகிறேன் என்று அம்மா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். இதெல்லாம் வளர்ந்த பிறகு மாமா சொல்லி அறிந்தது.

நான் பாறைக்குப் பாறை தாவிக் களைத்தபோது மாமா பெட்டிகளைத் திறந்தார். சோறு, பருப்பு, வடை, இந்த விரதத்துக்குரிய காத்தோட்டிக்காய் கிடைக்காததால் பாகற்காய். ஒரு பிடி சோற்றை என் கையால் தட்டையான கல்லில் வைக்கச் சொன்னார். கா கா என்று கூப்பிடவும் சொன்னார். நல்ல விளையாட்டு என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். கறுப்புப் பறவைகள் மூன்று வந்து இறங்கி, ஒரு பருக்கை விடாமல் தின்றன.

மாமா கண்களை மூடிக் கும்பிட்டார். அம்மாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. கை மெதுவாக நெற்றிக்குப் போனது.

எனக்கோ சிரிப்பு. “மாமா, இது காகம் இல்லை. இது அல்பென்டோலே. மஞ்சள் சொண்டைப் பாருங்கோ, பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள்.”

“கறுப்புத்தானே பிள்ளை. காகம் எண்டு வைச்சுக்கொள்ளன்,” என்றார் மாமா. அவர் குரல் கெஞ்சுவது போலிருந்தது.

அம்மாவின் கை நெற்றியிலிருந்து இறங்கிவிட்டது.

“பிள்ளை சொல்லுறாள் எல்லோ, அண்ணை. காகம் எடுக்கேல்லை. அவர் இருக்கிறார்.”

என்னை இழுத்து இறுக்கி அணைத்து உச்சந்தலையில் முத்தமிட்டார். தன் பங்கு வடையையும் எனக்கே தந்தார். படித்தால் இவ்வளவு மரியாதையா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பும் ரயிலில் அம்மா ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக் கலைந்த குங்குமத்தைச் சரிசெய்தார். எதிரே மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். ஒரு பறவையின் பெயர் தெரியாமல் போனதற்கு இவ்வளவு பெரிய ஆள் அழலாமா? பாவமாக இருந்தது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காதுக்குள் சொன்னேன்.

“பரவாயில்லை மாமா. அடுத்த முறை சரியாய்ச் சொல்லுவியள்.”