மெத்தையின் பகல் ஆள்

கிருபானந்தன் மொன்றியலுக்கு வந்தது எண்பத்திநாலாம் ஆண்டு பங்குனியில். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவர் குடியேறிய தெருவில் அதற்கு முன் தமிழர் யாரும் குடியிருந்ததில்லை. மூன்று பேர் இருக்கப்போகிறோம் என்று சொல்லி, மூன்றாம் மாடியில் ஒரு வீட்டைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்தார். ஆவணிக்குள் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். விமான நிலையத்தில் இறங்கிய பொடியன்களின் சட்டைப்பைக் கடதாசிகளில் எல்லாம் இருந்தது ஒரே விலாசம்தான். எந்த பஸ், எந்தக் கடையில் அரிசி, மைனஸ் இருபதுக்கு எத்தனை காலுறை என்பதெல்லாம் அவரிடம் கேட்டுத்தான் அறிந்தார்கள். முப்பது வயதாகும் முன்பே எல்லாருக்கும் அவர் கிருபை அண்ணை.

பதினொரு பேருக்கு ஆறு மெத்தை. ஒரு மெத்தையில் பகல் வேலைக்காரர் ஒருவரும் இரவு வேலைக்காரர் ஒருவரும் முறை வைத்துப் படுத்தார்கள். எழும்புகிறவர் போர்வையை மூன்றாக மடித்துக் கால்மாட்டில் வைத்து, தலையணையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகவேண்டும். ஒருவன் முகம் பட்ட பக்கத்தில் மற்றவன் முகம் படக்கூடாது. கிருபை அண்ணை போட்ட சட்டம் அது.

அவருடைய மெத்தையின் பகல் ஆள் சிவநேசம். சென்ட் லோரன்டில் ஒரு பிளாஸ்டிக் ஆலையில் இரவு வேலை. கிருபானந்தன் உணவகத்தில் கோப்பை கழுவப் படியிறங்கும்போது அவன் ஏறி வருவான். தொப்பியும் சால்வையும் மூடிய ஓர் உருவம் ஒதுங்கி வழிவிடும். ஐந்து மாதத்தில் இருவரும் நின்று கதைத்ததில்லை. மாலையில் வந்து படுத்தால் மெத்தையில் சூடு இருக்கும். சிவநேசத்தைப் பற்றி அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்தச் சூடு ஒன்றுதான்.

அடுத்த தை மாதம், குளிர் மைனஸ் முப்பதைத் தாண்டிய ஒரு கிழமையில், வேலைக்கென்று போன சிவநேசம் திரும்பி வரவில்லை. அன்று அவன் ஆலைக்கே வரவில்லை என்றார்கள்.

"ரொறன்ரோவுக்குப் போயிருப்பான்."

"ஒரு சொல்லும் சொல்லாமலோ?"

"உவன் இருக்கேக்கையே என்ன சொன்னவன், போகேக்கை சொல்ல?"

சிரித்தார்கள். பிறகு ஒருவன் கேட்டான்: "பொலிசிலை சொல்லுவமோ அண்ணை?"

"சொன்னா பொலிஸ் இஞ்ச வரும். மூண்டு பேரெண்டு எடுத்த வீட்டிலை பதினொரு பேர். எல்லாற்றை அகதிக் கேசும் பாழாப்போகும்" என்றார் கிருபானந்தன். "பொறுங்கோ. காயிதம் போடுவான்."

காயிதம் வரவில்லை. ஆனால் அந்தக் கிழமை முழுவதும், வேலை முடிந்து வந்தபோது மெத்தை சூடாகவே இருந்தது. போர்வை மூன்றாக மடிந்திருந்தது. தலையணை புரண்டு கிடந்தது. இடம் காலியென்று எவனோ படுக்கிறான் என நினைத்து ஒவ்வொருவனாகப் பிடித்துக் கேட்டார். "உங்கடை மெத்தையிலையோ? எனக்கென்ன விசரே அண்ணை!" என்றான் ஒருவன். மற்றவர்களும் சத்தியம் செய்தார்கள். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் கேட்கவில்லை.

பொடியன்கள் கேஸ் வென்று ஒவ்வொருவராக வெளியேறினார்கள். எண்பத்தொன்பதில் மனைவி புஷ்பவதி வந்து சேர்ந்தார். மகன் யதுர்ஷன் பிறந்தான். மெத்தை போய்க் கட்டில் வந்தது, அதே மூலையில். காலையில் எழும்பியதும் கிருபானந்தன் போர்வையை மூன்றாக மடிப்பார், தலையணையைப் புரட்டுவார். "ஆமியிலை இருந்தனீங்களோ?" என்று புஷ்பவதி கேலி செய்வார். அவருக்கும் தையல் ஆலையில் பகல் வேலைதான். பகல் நித்திரை என்பது அந்த வீட்டில் எவரும் அறியாத சுகம். ஓய்வு பெற்ற பின்னும் கிருபானந்தன் எட்டு மணிக்கு வெளியே இறங்கினால் ஐந்து மணிக்குத்தான் படியேறுவார். புஷ்பவதி கோயிலுக்கும் கடைக்கும் போனது போக, மிச்சப் பொழுது குசினியில்.

அவரோடு வந்தவர்கள் எல்லாரும் வீடு வாங்கிவிட்டார்கள். அவர் அசையவில்லை. "ஆரும் தேடி வந்தா?" என்பார்.

"இப்ப ஆரப்பா விலாசத்தோடை வரப்போகினம்?" என்று யதுர்ஷன் சிரிப்பான்.

போன தை மாதம், வெளியே போகும் இரும்புப் படியில் உறைந்திருந்த பனியில் புஷ்பவதி சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பில் வெடிப்பு. ஆறு கிழமை, இரவும் பகலும் அந்தக் கட்டிலில் கிடந்தார். ஏழாவது கிழமை எழும்பி நின்றதும் மகனுக்கு அழைத்தார்.

"தம்பி, நான் கர்க்லாண்டிலை உன்ரை வீட்டுக்கு வாறன். கொப்பர் வந்தா வரட்டும், இல்லாட்டி இருக்கட்டும்."

படிதான் காரணம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

கிருபானந்தன் வரமாட்டேன் என்றார். புஷ்பவதி பெட்டி கட்டத் தொடங்கினார். மூன்றாம் நாள் காலை, வெளியே போகாமல், குசினிக்குள் வந்து நின்றார் கிருபானந்தன். நாற்பது வருடமாகச் சொல்லாததைச் சொன்னார். அந்தக் கிழமையை, மெத்தையை, தான் சொன்ன "பொறுங்கோ"வை.

"இப்பவும் பின்னேரத்திலை சூடாத்தான் இருக்கு, புஷ்பம்."

புஷ்பவதி போஞ்சிக்காயின் நாரை உரித்துக்கொண்டே இருந்தார்.

"ஹீட்டர் குழாய் எண்டு சொல்லுவாய் எண்டு நினைச்சன்."

"குழாய் மற்றச் சுவரிலையெல்லோ" என்றார் அவர். "பொலிசுக்குப் போகவேண்டாமெண்டு சொன்னது நீங்கள். நீங்கள்தான் போய்ச் சொல்லோணும். சொல்லாமல் இஞ்சையிருந்து வெளிக்கிட ஏலாது, நீங்களும், நானும்."

"இத்தினை வருசத்துக்குப் பிறகு? பிடிச்சு வைச்சாலும் வைப்பாங்கள்."

"வைக்கட்டும். மறியற்சாலைக்குள்ளை ஏறி இறங்கப் படி இல்லை."

பொலிஸ் நிலையத்தில் இருந்தவள் யதுர்ஷனைவிட இளையவள். அவள் பிரெஞ்சில் கேட்கக் கேட்க, யதுர்ஷன் தமிழில் கேட்டான். பெயர் சிவநேசம். தகப்பன் பெயர் தெரியாது. பிறந்த தேதி தெரியாது. படம் இல்லை.

"எவ்வளவு காலம் ஒண்டா இருந்தனீங்கள் எண்டு கேக்கிறா."

"அஞ்சு மாசம். ஒரே மெத்தை."

யதுர்ஷன் ஒரு கணம் யோசித்து, 'ஒரே வீடு' என்று மொழிபெயர்த்தான்.

"முகத்திலை ஏதும் அடையாளம்?"

கிருபானந்தன் கைகளைப் பார்த்தார். "முகத்தை நான் வடிவாப் பாக்கேல்லை."

புஷ்பவதி கைப்பையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"இடது காது மடல் கறுத்துப்போய் இருக்கும். குளிர் திண்டது. மேலுதட்டிலை பழைய வெட்டுக்காயம். ஒரு இருபத்தைஞ்சு வயசுப் பொடியன்."

யதுர்ஷன் சொல்லத் தொடங்கி, பாதியில் நின்றான். "அம்மா, நீங்கள் வந்தது எண்பத்தொன்பதிலையெல்லோ?"

"நீ அவவுக்குச் சொல்லு, எழுதட்டும்."

அவள் எழுதினாள். கிருபானந்தன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ஆறு கிழமையுமோ?"

"ஓம். பகலிலை."

"என்னவும் கேட்டவனே?"

"ஒண்டும் கேக்கேல்லை" என்றார் புஷ்பவதி. "நான் எழும்பி நிண்ட உடனை, என்ரை தலகாணியைப் பிரட்டிப் போட்டவன்."