நாலாம் தேதி

உடையப்பனுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. ஈப்போவில் மகள் பிரமிளா வீட்டில் இருந்தார். பழைய தோட்டத்து ஆட்கள் பார்க்க வந்தால் ‘கிராணி ஐயா’ என்று மரியாதையாகப் பேசுவார்கள். அந்த மரியாதை அவருக்கு முள்ளாகக் குத்தும். காரணத்தை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ஐம்பத்தொன்றாம் வருடம், மலாயாவில் அவசரகாலம். சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பதினெட்டு வயதுச் சின்னக் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாதென்று வெள்ளைக்காரன் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டுக்கொண்டிருந்தான். ஜூன் முதல் தேதி விடிகாலை, ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில், துரை ஓர் ஆங்கிலத் தாளைக் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொன்னார். ஆட்கள் குடியிருக்கும் லயத்து முள்வேலியைத் தாண்டி ஒரு பிடி சோறுகூடப் போகக்கூடாது, மீறினால் சிறை. எப்போதிலிருந்து என்ற இடத்தில் ‘ஃபோர்த்வித்’ என்றிருந்தது. உடனே என்று அர்த்தம். உடையப்பன் அந்தச் சொல்லை அதற்குமுன் பார்த்ததில்லை. ‘ஃபோர்த்’ மட்டும்தான் கண்ணில் பட்டது. துரையிடம் கேட்க வெட்கம். “நாலாம் தேதியிலேருந்து” என்று உரக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் வேலிக் கதவை முதலில் தாண்டியவள், பால் வெட்டும் நல்லம்மாள். தூக்குச்சட்டியில் பழைய சோறு. போலீஸ் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் அவசரமாகத் தங்கள் சோற்றைச் சாக்கடைக் கானில் கொட்டினார்கள். நாலாம் தேதியென்றுதானே கிராணி சொன்னார் என்று அவள் கதறினாள். துரை உடையப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

“உடனேன்னுதான் சொன்னேன், சார்.”

கேட்டிருந்தவர்கள் நூறு பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நல்லம்மாளுக்கு இரண்டு வருடம் கிடைத்தது. வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இருந்தது.

போன வருடம் ஒரு கருமாதி வீட்டில், அந்தக் குழந்தை குமுதா இப்போது கமுந்திங்கில் இருப்பதாக யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். அதற்குப் பிறகு உடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் பிரமிளாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கார்ச் சாவியை எடுத்தாள்.

ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற குமுதாவுக்கு எழுபத்தாறு வயதாகியிருந்தது. அவர் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் கேட்டாள்.

“ஜெயில்லேருந்து வந்து அம்மா இதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க, நாலாம் தேதி நாலாம் தேதின்னு. வேற தோட்டத்துக்கு மாறிப் போய்ட்டோம். அங்க சாட்சி சொல்ல யாரு இருக்கா? காட்டுக்காரனுக்குச் சோறு கொண்டுபோனவன்னு அப்பாவே சொன்னாரு. நானும் அம்மாவ நம்பல. புத்தி கலங்கிடுச்சுன்னு தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரில கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். அங்கேயே போய்ட்டாங்க.”

உடையப்பன் அவள் காலில் விழக் குனிந்தார்.

“விழாதீங்க. எழுதிக் குடுங்க. என் பிள்ளைங்க படிக்கணும்.”

ஒரு பள்ளிக்கூட நோட்டை நீட்டினாள். சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதை எழுதினார். அவள் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“தொரைகிட்ட பொய் சொன்னத எழுதலியே.”

அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஏழு மாதம் கழித்து உடையப்பன் இறந்தபோது பிரமிளா அவளுக்குத் தகவல் சொன்னாள். குமுதா வரவில்லை.