பத்து லட்சத்து ஒன்று

கணக்கு டீச்சரைச் சக ஆசிரியர்கள் ‘பட்டாசு’ என்பார்கள், அவர் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு. பஸ்ஸில் வரிசை தாண்டி ஏறிய ஆளைச் சட்டையைப் பிடித்து இறக்கியவர் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கை வீட்டு மாடியில் குடியிருந்தார். அவருக்குக் கோபம் வராத ஒரே இடம் கணக்கு. கடைசியில் அங்கேயும் கைவைத்தார்கள்.

பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தும் கூடத்தில் நடந்தது அது. ‘பத்து லட்சத்து ஒன்று பகா எண்ணா? காரணம் கூறுக’ என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. ‘ஆம், பகா எண்’ என்றது விடைக்குறிப்பு. டீச்சர் கையிலிருந்த தாளிலோ ஒரு மாணவி ‘இல்லை’ என்று எழுதி, வழியையும் காட்டியிருந்தாள்.

டீச்சர் விறுவிறுவென்று முதன்மைத் தேர்வாளரிடம் போனார்.

“சார், விடைக்குறிப்பு தப்பு.”

“மூணு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, எதால வகுத்தாலும் ரெண்டு மிஞ்சுது. அப்புறம் எப்படி மேடம் வகுபடும்?”

“அதுதான் இந்த எண்ணோட பசப்பு! பதிமூணோட நிறுத்தினா ஏமாந்துதான் போவீங்க. இது நூறோட கனம், கூட ஒண்ணு. நூறோட கனத்தோட ஒண்ணைக் கூட்டினா, நூறோட ஒண்ணைக் கூட்டி வர்ற நூத்தி ஒண்ணால வகுபட்டே ஆகணும். பள்ளிக்கூடப் பாடம் சார் இது!”

கரும்பலகையில் 101 × 9901 = 10,00,001 என்று எழுதினார். எழுதிய வேகத்தில் சாக்பீஸ் உடைந்தது. கூடமே பேனாவை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தது.

தேர்வாளர் குரலைத் தாழ்த்தினார். “சரியாவே இருக்கட்டும். மேலேர்ந்து வந்த குறிப்பு. அதுபடியே போடுங்க.”

“பெருக்கினா வருதா, இல்லையா? அதைச் சொல்லுங்க!”

“போடறீங்களா, வெளிய போறீங்களா?”

அந்தத் தாளில் முழு மதிப்பெண் போட்டு மேசையில் அறைந்துவிட்டு டீச்சர் வெளியேறினார். பிறகு தேர்வுத் துறை அலுவலகத்தில் அவர் கத்தாத அறை இல்லை. ஒருவழியாக அறிவிப்பு வந்தது: அந்தக் கேள்வி ரத்து, எல்லோருக்கும் ஐந்து மதிப்பெண்.

“ஜெயிச்சிட்டேக்கா!” என்று தங்கை துள்ளினாள்.

“என்னத்தடி ஜெயிச்சேன்? கண்ணை மூடிக்கிட்டு எழுதினவனுக்கும் அஞ்சு, மண்டையை உடைச்சுக்கிட்டு எழுதினவளுக்கும் அஞ்சு. தப்புன்னு ஒருத்தனாவது ஒத்துக்கிட்டானா?”

தங்கையின் போன் அடித்தது. தேடிப்பிடித்துக் கூப்பிட்டிருந்தார் முதன்மைத் தேர்வாளர்.

“இப்ப திருப்திதானே மேடம்?”

“நூத்தி ஒண்ணால வகுபடும்னு உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் திருப்தியைப் பத்திப் பேசலாம்.”

தேர்வாளர் இணைப்பைத் துண்டித்தார். டீச்சர் போனைச் சோபாவில் வீசினார்.

“அக்கா, அது என் போன்.”

மறு வருடம் திருத்தும் பணிக்கு அவரை அழைக்கவில்லை. கேள்வித்தாளை எங்கிருந்தோ வாங்கிவந்து, மாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காகப் போட்டுப் பார்த்தார். ஒரு தப்பும் இல்லை. அதற்கும் கோபம் வந்தது.