ஏழுமலை அண்ணன் விற்க மறுத்த பங்குகள்

பங்குச்சந்தை திறந்து சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. சேலையூர் கேம்ப் ரோட்டில் உள்ள என் பங்குத் தரகு அலுவலகத்துக்கு ஏழுமலை அண்ணனின் மனைவி சரோஜா அக்காவின் போன் வந்தது. "மேடம், அவரு காலைல எழுந்துக்கவே இல்ல" என்றார். அண்ணன் போய்விட்டார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமலே தப்பித்துவிட்டார்களே!

நம் அஸ்தினாபுரத்தில் அவரை அறிந்த உங்களுக்கு அந்த இடது கையும் தெரியும். ரிக் எனும் துளையிடும் மேடைகளை வைத்துக் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டித் தரும் கம்பெனி ஒன்றில் மெக்கானிக்காக இருந்தவர். கம்பிவடத்தை இழுக்கும் வின்ச்சுக்குத் தடுப்பு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போடவில்லை. அதில் கை சிக்கி இரண்டு விரல்கள் போயின. 'தொழிலாளியின் அஜாக்கிரதை' என்று எழுதிக் கதையை முடித்தார் அப்போதைய மேனேஜர். அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட அண்ணன் மறுத்தார். வேலையும் போனது.

சில வருடங்கள் கழித்து என்னிடம் வந்தார். கச்சா எண்ணெய் விலை விழுந்து, அந்தக் கம்பெனியின் பங்கு சீண்டுவாரில்லாமல் கிடந்த சமயம். மற்றதெல்லாம் ஆனை விலை, குதிரை விலை. லாபத்தையே கண்டிராத ஆப் கம்பெனிகளை ஜனம் அடித்துப் பிடித்து வாங்கிக்கொண்டிருந்தது.

"உங்களைத் துரத்தினவங்க பங்கையா வாங்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"கடன் இல்லாத கம்பெனி மேடம். ரிக்கெல்லாம் நல்லா கீது, நான் ரிப்பேர் பண்ணதுதானே? மார்க்கெட்டு அதை காயலான்கடை ரேட்டுக்குப் போட்டு வெச்சிகீது. எண்ணெய் வெலை ஏறட்டும், எல்லாரும் ரிக்கைத் தேடிகினு ஓடியாருவான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பங்கு இருந்தா கூட்டத்துல கேள்வி கேக்கலாம் இல்ல? என்னைத் துரத்தினவன் இனிமே என்னை மதிப்புக்குரிய பங்குதாரரேன்னுதான் கூப்பிடணும்."

கூப்பிட்டார்கள். ஆண்டுக் கூட்டம் இப்போதெல்லாம் வீடியோவில்தான் நடக்கிறது. என் அலுவலகக் கம்ப்யூட்டர் முன்னால் சலவைச் சட்டையோடு உட்காருவார். இடது கை கேமராவுக்கு நேராக இருக்கும். வருடா வருடம் ஒரே கேள்வி.

"வின்ச்சுக்குத் தடுப்பு போட்டாச்சா சார்? அஜாக்கிரதைன்னு எழுதினதை எப்ப வாபஸ் வாங்குவீங்க?"

எழுதிய மேனேஜர் இயக்குநராகி, தலைவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "குறித்துக்கொண்டோம்" என்பார் தலைவர். மைக் அணைந்துவிடும். அண்ணன் என் பக்கம் திரும்பிச் சிரிப்பார். "அந்த மேனேஜரு மூஞ்சி போன போக்கைப் பாத்தீங்களா? இந்த வருசத்துக்கு இது போதும்."

எண்ணெய் விலை ஏறியது, பங்கும் ஏறியது. அவரைப் பைத்தியம் என்று கேலி செய்த என் வாடிக்கையாளர்கள், ஆப் கம்பெனிகளில் கையைச் சுட்டுக்கொண்டு, அவரிடமே டிப்ஸ் கேட்டு வந்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதில் பரம திருப்தி. பங்குகளில் பாதியை விற்று அண்ணன் வீட்டுக்கு மாடி எடுத்தார். விலை நியாயத்தைத் தாண்டிவிட்டது, மீதியையும் விற்றுவிடுங்கள் என்றேன்.

"மாடி அவன் காசு மேடம். மீதி என் கோவம். அதை விக்க மாட்டேன்."

சாவு வீட்டுக்கு அந்த இயக்குநர் வந்திருந்தார். அவர் வீடும் அஸ்தினாபுரம் பக்கம்தான். பெரிய மாலை. "நல்ல உழைப்பாளி, கொஞ்சம் கோபக்காரர்" என்று என்னிடம் சொன்னார். விரல்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சார், நம் நகர் நலச் சங்கத்தின் இந்த இதழ் உங்கள் வீட்டுக்கும் வருகிறது. கடைசி வரி வரை படியுங்கள்.

காரியம் முடிந்ததும் பங்குகளைத் தன் பெயருக்கு மாற்ற சரோஜா அக்கா வந்தார். விற்றுவிடலாமா என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"எங்க மேடம் உக்காந்து பேசுவாரு?"

காட்டினேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவை நிமிர்ந்து பார்த்தார். "கேள்வி எனக்கு மனப்பாடம். தூக்கத்துலயும் அதைத்தான் கேட்டுகினு இருப்பாரு" என்றார்.

அன்றே என் பெயரிலும் கொஞ்சம் வாங்கினேன், எந்தத் தரகரும் சிபாரிசு செய்யாத விலையில். அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கோபத்தைத்தான். வரும் கூட்டத்தில் பேச அக்காவும் நானும் பெயர் கொடுக்கப் போகிறோம். அக்காவின் மைக்கை அணைத்தால், அடுத்தது நான் சார்.