பக்கத்து வீட்டில் சார்ஜ் ஏறிய போன்

எங்கள் வீட்டுக் கார்ட்லெஸ் போனும் பக்கத்து வீட்டுக் கார்ட்லெஸ் போனும் ஒரே மாடல், ஒரே நிறம். பெங்களூரில் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவை. இரண்டாக எடுத்தால் விலையைக் குறைப்பேன் என்று கடைக்காரர் சொன்னாராம். என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பெட்டியோடு ஓசூர் பஸ் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள், ஷிப்ட் மட்டும் வேறு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

அந்தக் கடைக்காரர் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார். ரிசீவரை எந்நேரமும் ஸ்டாண்டிலேயே வைத்திருந்தால் பேட்டரி சீக்கிரம் வீணாகிவிடும், முழுவதும் இறங்கிய பிறகு வைத்தால் போதும் என்றாராம். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஸ்டாண்ட் ஹாலின் மூலையில் கிடக்கும். ரிசீவர் டிவியின் மேல் ஒரு துணி விரிப்பில் படுத்திருக்கும்.

மின்வெட்டு மிக மோசமாக இருந்த வருடம் அது. ஒரு நாள் காலையில் ரிசீவர் முழுவதும் இறங்கிப் போய்க் கிடந்தது. கரண்டும் இல்லை. பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குகிற மனிதருக்கு ஃபேன் ஓட வேண்டுமே என்று வாங்கியது. அந்த வீட்டுப் பெண் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். தெலுங்கு வீடு, ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். வாசலில் நின்றுகொண்டு கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா, எங்க ஸ்டாண்டுல வெக்கிறேன். ரெண்டும் ஒரே அச்சுதான, உட்காந்துக்கும்."

நன்றாகவே உட்கார்ந்தது. மதியம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் தூங்குகிறார் என்று சைகை காட்டிவிட்டுப் போனாள்.

மதியம் எனக்கு முக்கியமான நேரம். என் மகள் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தினமும் கர்நாடக எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியைத் தாண்டிப் பஸ்ஸில் போய்வருவாள். டிபன் டப்பாவைக் காலி செய்ததும் வீட்டுக்கு ஒரு போன் செய்ய வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அவளிடம் செல்போன் இருந்தது, என்னிடம் இல்லை. கணவரின் செல்போனைத் தொழிற்சாலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நாங்கள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஓடிப் போய்க் கேட்க இந்த ஊரில் சொந்தம் என்று யாரும் இல்லை. அந்த லேண்ட்லைன் அழைப்பு வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கு அழைப்பு வரவில்லை.

கரண்ட் வந்திருந்தது. ரிசீவரை எடுத்து பட்டனை அமுக்கினேன். டோன் வர வேண்டிய இடத்தில் கீக் கீக் கீக் என்று ஒரு சத்தம், பிறகு அமைதி. ரிசீவருக்கும் ஸ்டாண்டுக்கும் தொடர்பு இல்லை என்று அதற்கு அர்த்தம். அதோடு வந்த சின்னப் புத்தகத்தில் பார்த்து அதைத் தெரிந்துகொண்டேன். அதை விட்டால் வீட்டில் வேறு போனும் இல்லை. பழைய சுழற்றுகிற போனை டெலிபோன் இலாகாவிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

ஸ்டாண்டின் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். சுவரில் இருந்து வருகிற டெலிபோன் ஒயரையும் கழற்றி மாட்டினேன். ரிசீவரின் பேட்டரியைக் கழற்றி, முந்தானையால் துடைத்துப் போட்டேன். ஏரியலை நீட்டிப் பார்த்தேன். கீக் கீக் கீக். பேட்டரி முழுவதும் ஏறியிருந்ததால் அதை ஸ்டாண்டில் வைக்க மட்டும் தோன்றவில்லை. நிறைந்த பேட்டரியை மறுபடி வைத்துக் கெடுப்பானேன்?

பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கலாம். தூங்குகிற மனிதரை நினைத்துத் தயங்கினேன். நான் வெளியே போன நேரத்தில் மகள் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். செத்துக் கிடந்த போனுக்குத்தான் காவல் இருந்தேன்.

ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கி அமுக்கி வீடு முழுவதும் நடந்தேன். படுக்கையறையில், பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரோரம் போனபோது கீக் சத்தம் நின்றது. இரைச்சலுக்கு நடுவே என் மகளின் குரல் கேட்டது. சரிசெய்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் இன்னொரு குரல் பேசியது.

"அத்திப்பள்ளிலயா இருக்கே?"

பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல்.

"ஆமாக்கா. பஸ் ஸ்டாப்புலதான். இன்னைக்கும் நடக்கல. கேட்டுல இருக்கற செக்யூரிட்டியே பயோடேட்டாவ வாங்கி வெச்சிக்கிட்டு அனுப்பிட்டான்."

"டப்பாவ காலி பண்ணியா, நேத்து மாதிரி நாய்க்குப் போட்டியா?"

"பாதி நானு, பாதி அது. அதுக்கு எங்கம்மா வெக்கற சாம்பார் ரொம்பப் புடிச்சிருச்சு."

"ஓஹோ, உங்கம்மாக்கு நாயி கூட சர்டிபிகேட் குடுக்குதா?"

இருவரும் சிரித்தார்கள். என் மகள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. பேசுகிற ஓட்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"எத்தன நாளைக்கு பாப்பா இப்பிடியே போறதும் வர்றதும்? வேலைய விட்டு எடுத்தது உன் தப்பா? ஊரெல்லாந்தான் எடுக்கறாங்க. அம்மாகிட்ட சொல்லிடு."

"முடியாதுக்கா."

"ஏன், உங்கம்மா என்ன புலியா?"

"புலின்னா ஓடிரலாம்க்கா. அம்மா அழுவாங்க. அப்பறம் என் வேலை போனத மறந்துட்டு நான் உக்காந்து அவங்களத் தேத்தணும். இப்ப அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

அந்தப் பெண் மறுத்துச் சொல்வாள் என்று காத்திருந்தேன். "அதும் சரிதான்," என்றாள். என் மகள் சொன்னதைவிட அது அதிகமாகச் சுட்டது.

"போன்லயே சொல்லிடு பாப்பா. மூஞ்சியப் பாக்க வேணாமில்ல. இன்னைக்கு ஒரு தடவ சொல்லிப் பாரு."

"பாக்கறேன்க்கா. என்னக்கா இது, லைன்ல யாரோ மூச்சு வாங்கற மாதிரி இருக்கு?"

"எங்க வீட்டுக்காரரு கொறட்டை அது. நீ வெய்யி."

நானும் பட்டனை அமுக்கி நிறுத்தினேன். ஹாலுக்கு வந்து தரையில் உட்கார்ந்தேன். கையில் இருந்ததை எங்கேயாவது வைக்க வேண்டும், பக்கத்தில் இருந்தது ஸ்டாண்ட். வைத்தேன். பீப் என்று ஒரு சத்தம் வந்து பச்சை விளக்கு எரிந்தது. எந்த ஸ்டாண்டில் வைக்கிறோமோ அந்த ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்கிற ரிசீவர் அது. காலையில் பக்கத்து வீட்டு ஸ்டாண்டில் உட்கார்ந்தது, அவர்கள் வீட்டு ரிசீவராகிவிட்டது. இப்போது திரும்ப எங்கள் வீட்டு ரிசீவர். அவ்வளவுதான் கோளாறு.

அவள் கூப்பிடப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். என்ன சொல்லப் போகிறாள் என்றும் தெரியும். உலகத்தில் எந்தத் தாய்க்கும் இப்படி ஒரு வசதி கிடைத்திருக்காது. சொல்ல வேண்டிய பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "சரிம்மா, அதனால என்ன? வீட்டுக்கு வா, பாத்துக்கலாம்." முதல் தடவை குரல் உடைந்தது. மூன்றாவது நான்காவது தடவையில் சரியாக வந்தது.

போன் அடித்தது.

"அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பதறாம கேக்கணும்."

"அய்யோ, என்னடி ஆச்சு? எங்க இருக்க? உடம்புக்கு என்ன?"

அத்தனையும் தெரிந்தவள்தான் நான். பதறாமல் என்று அவள் சொன்ன ஒரு சொல்லுக்கே என் வாய் அதன் பழைய வழியில் ஓடிவிட்டது. என் குரலில் அழுகை வந்திருந்தது. எனக்கே கேட்டது.

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஒண்ணுமில்லம்மா. இன்னைக்குக் கொஞ்சம் லேட்டாகும். அதான் சொல்லலாம்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சாப்புட்டேன். சாம்பார் நல்லாருந்துச்சு. நீ சாப்புட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன்.

எல்லாம் எனக்குத் தெரியும் என்று அன்று மாலையே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் ஒட்டுக்கேட்டது தெரிந்து, பக்கத்து வீட்டில் பேசுவதையும் அவள் நிறுத்தியிருப்பாள். அவளுக்கு இருந்த ஒரே இடம் அது. இப்படித்தான் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மறுபடியும் பதறிவிடுவேனோ என்ற பயமும் உள்ளே இருந்தது.

அதனால் என்னால் முடிந்ததைச் செய்தேன். மறுநாளிலிருந்து சாம்பார் சாதத்தை நிறுத்திவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் தட்டும் ஸ்பூனும் இல்லாமல் சாப்பிட வசதியாக இருக்கட்டும் என்று சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கை வைத்துச் சுருட்டிக் கொடுத்தேன். நாய்க்கும் சேர்த்து ஒன்று அதிகம் வைத்தேன். தினமும் வாசலில் நின்று, ஆபீஸுக்கு நேரமாகிறது பார் என்று விரட்டினேன். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன், செருப்பைத்தான் பார்ப்பேன். மதிய அழைப்பு தினமும் தவறாமல் வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்பேன், சாப்பிட்டேன் என்பாள்.

அப்புறம் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சேர்ந்து ஒரு மாதம் போனபிறகு, இரவுச் சாப்பாட்டில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் ஒரு வேடிக்கைக் கதைபோலச் சொன்னாள். அவள் அப்பா வாயைப் பிளந்து கேட்டார். நானும் முதல்முறை கேட்பதுபோலக் கேட்டேன். நாய்க் கதைக்குச் சரியான இடத்தில் சிரித்தேன்.

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி," என்றேன்.

"சொல்லணும்னுதாம்மா ஒரு நாள் போன் பண்ணேன். அப்பறம் பஸ் வந்துருச்சு."

தட்டில் இருந்த சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அதெல்லாம் விடு. திடீர்னு டப்பாவுல சப்பாத்திய சுருட்டி சுருட்டி வெச்சியே, ஏம்மா அது?"

நான் சொல்லிவிடுவேன் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள் என்றே இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

"கோதுமை மாவு நெறய இருந்துச்சுடி. வண்டு விழுந்துரும்னு," என்றேன்.