இரத்தத்தில் குறைந்த எண்

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் மருந்து ஆய்வுப் பிரிவில் நான் வேலை பார்த்தபோது அவர் வந்துகொண்டிருந்தார். ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகும் ஏலக்காயும் மொத்தமாக விற்பவர். மடிப்புக் கலையாத வேட்டி, அகன்ற தோள்கள். கால்கள் மட்டும் மெலிந்துகொண்டே போயின. தசைகளைக் கரைக்கும் அபூர்வ நோய். எங்களிடம் அந்த நோய்க்கு அவர் ஒருவர்தான்.

நோயாளிகள் அவ்வளவு குறைவு என்பதால், எத்தனை பேர் நன்றாக நடக்கிறார்கள் என்று வருடக்கணக்கில் காத்திருந்து பார்க்க முடியாது. தசை கரையும்போது இரத்தத்தில் கலக்கும் ஒரு புரதத்தின் அளவு குறைந்தாலே, சோதனை மருந்து வேலை செய்வதாகக் கொள்வோம். அவருக்கு ஒவ்வொரு முறையும் குறைந்தது. அதைச் சொன்னதும் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழப் பார்ப்பார். முடியாது. சிரித்துக்கொள்வார்.

ஆய்வு முடிந்த அன்று அவர் சிரிக்கவில்லை.

"ரத்தத்துக்குக் கிட்டின குணம் காலுக்குக் கிட்டல்லியே சார். நம்மளப் போல வேற ஆளு உண்டுமா?"

"இங்க இல்ல அண்ணாச்சி. வெளிநாட்டுல சில பேரு இதே மருந்த எடுக்கிறாங்க."

"அவங்க எழும்புறாங்களா?"

"தெரியல்ல. அவங்க விவரம் எங்களுக்கு வராது."



"செரி. என்னிக்காவது அவங்ககிட்ட பேச வாய்ச்சா, நான் கேட்டதாச் சொல்லுங்க."

தூரத்துச் சொந்தக்காரர்களை விசாரிக்கும் குரல் அது. அவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த விசாரிப்பை இன்றுவரை யாரிடமும் சேர்க்க முடியவில்லை.